பொம்மைக் காமிராவின் கதை

விலை மிகுந்த கருவி இருந்தால்தான் நல்ல புகைப்படம் எடுக்க முடியும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணத்தை அசைத்துப் பார்த்த ஓர் எளிய கருவியின் வரலாற்றை இன்று காண்போம். ஹாங்காங்கில் பிறந்த 'ஹோல்கா' என்னும் பிளாஸ்டிக் காமிராவே அது.

எளியவர் கைக்கும் காமிரா எட்டவேண்டும் என்ற நோக்கம் பழமையானது. 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம், 'பிரௌனி' என்ற அட்டைப்பெட்டிக் காமிராவை ஒரு டாலருக்கு விற்றது. சிறுவர்களையும் மனத்திற் கொண்டு செய்யப்பட்ட அப்பெட்டி, சாதாரண மக்களிடையே படமெடுக்கும் பழக்கத்தைப் பரப்பியது.

அதே வழியில் வந்ததுதான் ஹோல்கா. டி. எம். லீ என்பவர் உருவாக்கிய இது 1982-இல் வெளிவந்தது. சீனத் தொழிலாளர் குடும்பங்கள் தங்கள் வீட்டு நிகழ்ச்சிகளைப் படமெடுத்து வைத்துக்கொள்ள உதவுவதே இதன் நோக்கம். அந்நாளில் சீனாவில் '120' எனப்படும் அகலமான பிலிம் சுருளே பெருவழக்காக இருந்தது. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கலாம்.

இதன் அமைப்பு மிக எளிது. உடல் பிளாஸ்டிக், முதலில் வந்தவற்றில் லென்சும் பிளாஸ்டிக்தான். தூரத்தைக் குறிக்க ஓர் ஆள், சிறு குடும்பம், பெருங்கூட்டம், மலை என்று நான்கு சித்திரங்கள் உண்டு. எழுத்தறியாதவருக்கும் அவை விளங்கும். லென்சின் குவியத்தூரம் 60 மில்லிமீட்டர். இவ்வளவு பெரிய சதுரப் படத்திற்கு வழக்கமான லென்ஸ் 80 மில்லிமீட்டர். குவியத்தூரம் குறைந்தால் பார்வை விரியும் அல்லவா? ஆகவே, சிறிய அறையிலும் குடும்பத்தார் பலரைப் படத்துக்குள் அடக்கிவிடலாம்.

குறைகளும் உண்டு. படத்தின் ஓரங்கள் மங்கும், மூலைகள் இருளும். மூடியின் இடுக்கில் வெளிச்சம் கசியும். அதைக் கறுப்பு நாடா ஒட்டித்தான் அடைக்கவேண்டும். சுருளை நகர்த்த மறந்தால் ஒரு படத்தின்மேல் இன்னொரு படம் விழும்.

சில ஆண்டுகளிலேயே 35 மில்லிமீட்டர் பிலிம் சீனச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. ஹோல்கா வெளிநாடுகளுக்குப் போயிற்று. அங்கே இதை வாங்கியவர்கள் பொழுதுபோக்குக்காகப் படமெடுப்போரும் கலைஞர்களும் ஆவர். இருண்ட மூலைகளையும் கசிந்த ஒளியையும் அவர்கள் விரும்பினார்கள். 2000-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் அல் கோரின் பிரசாரத்தை டேவிட் பர்னட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோல்காவால் எடுத்த படம் பரிசும் பெற்றது. 2015-இல் உற்பத்தி நின்றபோது ஆர்வலர்கள் வருந்தினர். 2017-இல் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது.

இதில் நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. பன்னிரண்டே படங்கள் கொண்ட சுருளைக் காசு சேர்த்து வாங்கிய குடும்பத்திற்கு, ஒளி கசிந்து கெட்ட படம் ஓர் இழப்பு. விளையாட்டாக எடுப்பவருக்கோ அதே படம் ஒரு வியப்பு. கருவி மாறவில்லை, அதை ஏந்திய கைகளின் நிலைதான் மாறியது. பழைய குடும்பப் படம் ஒன்று மங்கலாகத் தெரிந்தால், அதை ஒதுக்கிவிடாமல், அதை எடுக்க அவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்துப் பார்ப்போமாக.