யாருடைய எண்ணெய்? - சுன்னாகத்துக் கிணறுகள் பற்றிச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்தின் வரலாற்றை அரசர்களையும் கட்சிகளையும் கொண்டு எழுதிப் பழகிய எமக்கு, அதனைக் கிணறுகளைக் கொண்டும் எழுதலாம் என்பது தோன்றுவதில்லை. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாடு அது. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த நீரையே. அதன் முக்கியமான பகுதியொன்று வலிகாமத்தின் கீழ் உள்ளது. சுன்னாகம் மின்நிலையம் அதன் மேலேயே அமைந்திருக்கிறது.

1950களின் பிற்பகுதியிலிருந்து அவ்வளவில் எண்ணெய் எரித்து மின்சாரம் பெறப்பட்டது. போருக்குப் பின்னர், 2009 அளவில், நோதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனம் அங்கு உற்பத்தியைத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் அயற்கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013-2014 காலத்தில் 150 கிணறுகளைச் சோதித்தபோது, 109 கிணறுகளில் எண்ணெய், கொழுப்பு ஆகியவற்றின் அளவு அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டியிருந்தது. 2015 ஆரம்பத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் உற்பத்தியை நிறுத்த உத்தரவிட்டது.

இதன் பின் நிகழ்ந்ததே விவாதத்துக்குரியது. வடக்கு மாகாண சபை நியமித்த நிபுணர் குழு, ஆபத்தான நச்சுப் பொருட்கள் காணப்படவில்லை என்றது. மக்கள் அதனை நம்பவில்லை. எண்ணெய் பழைய மின்நிலையத்தினது, போர்க்காலத்தில் சேதமடைந்த தாங்கிகளினது என்ற வாதங்களும் எழுந்தன. விரைவிலேயே எந்த ஆய்வை ஏற்பது என்பது எந்த அணியைச் சேர்வது என்பதாகிவிட்டது. புலம்பெயர்ந்த நாமும் அதற்கு விலக்கல்ல.

ஆனால் இரு ஆய்வுகளும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. 'எண்ணெய், கொழுப்பு' என்ற சோதனை நீரிலுள்ள எண்ணெய்த்தன்மையான பொருட்கள் அனைத்தையும் ஒரே தொகையாகத் தருகிறது. அது எந்த எண்ணெய், யாருடைய எண்ணெய் என்று அச்சோதனை சொல்லாது. மறுபுறம், பென்சீன், தொலுயீன் போன்ற ஆவியாகும் நச்சுகள் பெற்றோலில் மிகுதி. மின்நிலையங்கள் எரிக்கும் கனத்த எண்ணெயில் குறைவு. காலம் செல்ல மேலும் குறைந்துவிடும். ஆகவே அவற்றைத் தேடிக் காணாமற்போவது எண்ணெயே இல்லை என்பதற்குச் சான்றாகாது. 109 என்ற எண் தனியே குற்றவாளியைக் காட்டவில்லை. 'நச்சு இல்லை' என்ற முடிவு தனியே எவரையும் விடுவிக்கவுமில்லை. தாங்கிகளைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி, நீரோட்டத்தின் திசையை அறிந்து, மாரியிலும் கோடையிலும் மாதிரி எடுத்து, எண்ணெயின் வேதியியல் அடையாளத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதே மதிப்பீடு. இதனை எமது மக்களுக்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் கற்றோரே.

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தவர் ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற சிங்களச் சூழலியலாளர். 2019 ஏப்ரலில் வெளிவந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவையும் ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, நிறுவனம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு வழங்கவேண்டுமென்றது. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் முதலீட்டுச் சபையும் தம் கடமையில் தவறியதையும் அது சுட்டியது. தெற்கு முழுவதும் பகை, எமது சபை செய்வதெல்லாம் எமது நலன் என்ற எளிய கணக்குக்குள் இந்த வரலாறு அடங்க மறுக்கிறது.

பணத்தால் ஒரு கிணற்றைத் துப்புரவாக்கலாம். நீர்ப்படுகையை அவ்வாறு துப்புரவாக்க முடியுமா? இதற்கான விடையை மொன்றியலில் வாழும் நாம் ஆற்றைக் கடந்து தெற்கே சென்றால் காணலாம். மேர்சியே என்னும் ஊரில், கைவிடப்பட்ட கிரவல் குழியொன்றில் இரசாயன, எண்ணெய்த் தொழில்களின் திரவக் கழிவைக் கொட்ட 1968 இல் அனுமதி வழங்கியது கியூபெக் அரசே. சில ஆண்டுகளில் அயற்கிணறுகள் கெட்டன. வெளியிலிருந்து குழாய்நீர் கொண்டுவர நேர்ந்தது. 1984 இலிருந்து நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரித்து வருகிறார்கள். கழிவு பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிவிட்டதால், நாற்பது ஆண்டுகள் இறைத்தும் அந்நீர்ப்படுகை மீளவில்லை. கழிவின் மூலம் எதுவென்று தெரிந்த, செலவிட வசதியுள்ள நாட்டின் நிலை இது.

சுன்னாகத்தின் கீழுள்ளதும் வெடிப்புகள் நிறைந்த பாறைதான். மேர்சியேயில் செய்ததுபோலக் குழாய்நீருக்கு மாறுவது அங்கு இலகுவல்ல. குடாநாட்டுக்கு வேறு ஆறில்லை. ஆகையால் தீர்ப்போடு விடயம் முடிந்துவிட்டதாகக் கருதுவது ஆபத்து. அதே கிணறுகளை ஆண்டுதோறும், அதே முறையில், சுயாதீனமாகச் சோதித்து, முடிவுகளை ஊரவர் முன் வைக்கவேண்டும். ஊர்ச்சங்கங்களின் பெயரால் இங்கே திரட்டும் பணத்தில் கோயில் கோபுரங்களுக்குச் செல்வதில் ஒரு பங்கையேனும் இதற்கென ஒதுக்குவோமா என்பதை எமது அமைப்புகள் விவாதிக்கட்டும்.