ஒரு டொலர் சிக்கன் சான்ட்விச்: மிச்சக் காசை யார் கட்டினது?

2019 ஓகஸ்ட் மாதம் ஞாபகம் இருக்கா? அமெரிக்காவில ஒரு சான்ட்விச்சுக்காகச் சனம் மணிக்கணக்கில வரிசையில நிண்டது. பொப்பாய்ஸ் என்ற பொரித்த கோழிக் கடை ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு முழுக்க ஒரு சிக்கன் சான்ட்விச்சை அறிமுகம் செய்தது. விலை 3.99 டொலர். ஒரு கிழமை போனதும் இதே சாமானைப் பல வருடமாக விற்றுவந்த சிக்-ஃபில்-ஏ, தன்னுடையதுதான் அசல் என்கிற மாதிரி ட்விட்டரில் ஒரு பதிவு போட, பொப்பாய்ஸ் அதைச் சீண்டி ஒரு வரியில் பதில் போட்டது. பிறகென்ன, உலகம் முழுக்க அதே கதைதான். இரண்டு கிழமைக்குள் பொப்பாய்ஸில் சான்ட்விச் முடிந்துவிட்டது.

நாங்களும் இங்க இருந்து போனில பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். சான்ட்விச்சை இரண்டாக வெட்டி, கமராவுக்குக் கிட்டப் பிடித்து, ‘காசுக்குச் சரியா? ருசி எப்படி?’ என்று பத்துக்கு மார்க் போடுகிற வீடியோக்கள் எத்தனை! கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இந்த இரண்டு கேள்விதான். மார்க் போடுவதை அவர்களிடமே விட்டுவிடுவோம். எங்களுக்கு இருந்த கேள்வி வேறு. கோழி ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுதான், மாட்டிறைச்சியை விட விலை கூடியது. அது எப்படி ஒரு டொலருக்கு வந்தது? அந்த ருசி எங்கிருந்து வந்தது?

ரயில் ஜன்னலில் தொடங்கிய வியாபாரம்

ருசியிலிருந்தே தொடங்குவோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆபிரிக்க மக்களுக்குச் சொத்து வைத்திருக்கும் உரிமை இருக்கவில்லை. வேர்ஜினியாவில் 1692இல் வந்த சட்டம் அவர்கள் குதிரை, மாடு, பன்றி வைத்திருப்பதைத் தடுத்தது. கோழியை அது கணக்கில் எடுக்கவில்லை. பெறுமதி குறைந்த பிராணி என்று விடப்பட்ட அந்தக் கோழியை அவர்கள் வளர்த்தார்கள், விற்றார்கள், எசமான் வீட்டுக் குசினியில் பொரித்தும் கொடுத்தார்கள். 1824இல் மேரி ரண்டொல்ஃப் என்ற வெள்ளையினப் பெண்மணி எழுதிய வேர்ஜினியா சமையல் புத்தகத்தில் கோழியை மாவில் பிரட்டிப் பொரிக்கும் முறை வந்துவிட்டது. ஆனால் அந்த வீடுகளின் குசினிகளில் அடுப்படியில் நின்று சமைத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். அவர்கள் பெயர் எந்த அட்டையிலும் வரவில்லை.

பிறகு ரயில் வந்தது. வேர்ஜினியாவில் கோர்டன்ஸ்வில் என்ற சின்ன ஊரில் இரண்டு ரயில் பாதைகள் சந்தித்தன. அப்போது ரயிலில் சாப்பாட்டுப் பெட்டி கிடையாது. ஊரிலுள்ள கறுப்பினப் பெண்கள் பொரித்த கோழி, பிஸ்கற், பை, கோப்பி எல்லாவற்றையும் பெரிய தட்டுகளில் அடுக்கித் தலையில் சுமந்து வந்து, ஜன்னலுக்குள்ளால் பயணிகளுக்கு நீட்டி விற்றார்கள். யாழ்தேவியில் வடைக்காரரின் குரலைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்தக் காட்சியை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்தப் பெண்களைப் பற்றி ஆராய்ந்து 2006இல் புத்தகம் எழுதிய சைக்கி வில்லியம்ஸ்-ஃபோர்சன், கோழிக்காலை விற்று வீடு கட்டியவர்கள் அவர்கள் என்பதையே தன் புத்தகத்தின் தலைப்பாக்கினார். கோழி அவர்களுடையது, சமையல் அவர்களுடையது, விலை சொன்னதும் அவர்கள்தான். வந்த காசும் அவர்கள் கையிலேயே நின்றது. பிறகு நகரசபை வரி கேட்டது, ரயிலுக்குள்ளேயே சாப்பாடு வந்தது, குளிரூட்டிய பெட்டிகளின் ஜன்னல்கள் திறக்கப்படாமல் போயின. அந்த வியாபாரம் மெல்ல மெல்ல முடிந்தது. ருசி மட்டும் வேறு கைகளுக்குப் போனது.

ஐம்பது குஞ்சு கேட்டவருக்கு ஐந்நூறு

இனி விலையின் கதை. 1923இல் டெலவெயர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண் முட்டைக்காக 50 கோழிக்குஞ்சு ஓடர் பண்ணினார். பிழையாக 500 வந்து இறங்கியது. திருப்பி அனுப்பாமல் வளர்த்து, இரண்டு இறாத்தல் எடை வந்ததும் இறைச்சிக்கு விற்றார். இறாத்தல் 62 சதம். அந்தக் காலத்துக்கு அது பெரிய காசு. மூன்று வருடத்தில் 10,000 குஞ்சு கொள்ளும் கொட்டில் போட்டார்கள். அதுவரை முட்டை போட்டு ஓய்ந்த கோழிதான் பெரும்பாலும் சட்டிக்குப் போனது. இறைச்சிக்கென்றே கோழி வளர்க்கும் தொழில் இந்த மாதிரி ஒரு தவறிலிருந்து பரவத் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ‘நாளைய கோழி’ என்ற பெயரில் ஒரு போட்டி நடந்தது. ஏ அன்ட் பி என்ற பலசரக்குக் கடைச் சங்கிலியின் அனுசரணை, அரச விவசாயத் திணைக்களத்தின் ஒத்துழைப்பு. கேட்டது நெஞ்சு பெருத்த, வேகமாக வளரும், தீன் குறைவாகத் தின்னும் கோழி. 1948 தேசிய இறுதிப் போட்டியில் கலிபோர்னியாவின் சார்ள்ஸ் வான்ட்ரஸ் வளர்த்த கலப்பினம் வென்றது. இன்றைய புரொய்லர் கோழிகளின் வம்சாவளியில் அந்தப் போட்டிக் கோழிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

எவ்வளவு மாறியது எண்டு பார்ப்பம். கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957ஆம் ஆண்டு இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீன் கொடுத்து வளர்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் பழைய கோழி 905 கிராம். புதியது 4,202 கிராம். கோழி மலிந்ததற்குப் பெரிய காரணம் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது. பெருத்த நெஞ்சைக் கால் தாங்காமல் நொண்டும் கோழிகளும் அதே கணக்கில்தான் வந்தன.

வளர்க்கும் முறையும் மாறியது. குஞ்சும் தீனும் கம்பனியுடையது. கொட்டிலும், அதைக் கட்ட எடுத்த கடனும் விவசாயியுடையது. யார் குறைந்த செலவில் கூடிய எடை கொடுத்தார் என்று பக்கத்து விவசாயிகளோடு ஒப்பிட்டுத்தான் பல இடங்களில் காசு கொடுக்கிறார்கள். அயலவன் நல்லாச் செய்தால் எனக்குக் காசு குறையும்.

முழு நெஞ்சா, அரைத்த இறைச்சியா?

சான்ட்விச் இதற்குப் பிறகுதான் வருகிறது. அது வந்தது இரண்டு பாதையில். கடையில் காசு கொடுக்கிற ஆள் உண்மையில் தெரிவு செய்வது இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

முதலாவது முழு நெஞ்சுத் துண்டு. ஜோர்ஜியா மாநிலத்தில் ட்ரூவெட் கேத்தி 1946இலிருந்து ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்தினார். விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குப் பொருந்தாத நெஞ்சுத் துண்டுகளை ஒரு கோழிக் கம்பனி அவருக்குக் கொடுத்தது என்பது சிக்-ஃபில்-ஏ சொல்லும் கதை. பாலும் முட்டையும் கலந்ததில் தோய்த்து, மாவில் பிரட்டி, கச்சான் எண்ணெயில் அழுத்தப் பொரிகலத்தில் நாலைந்து நிமிடத்தில் பொரித்து, பட்டர் பூசிச் சூடாக்கிய பணிசுக்குள் இரண்டு ஊறுகாய் வெள்ளரித் துண்டோடு வைத்தார். 1964இல் சான்ட்விச், 1967இல் அட்லான்டாவில் அந்தப் பெயரில் முதல் கடை. பொரித்த கோழி, மிருதுவான பாண், புளிப்பாக ஒன்று. இந்தச் சேர்க்கை தென் மாநிலச் சமையலறைகளுக்குப் புதிதில்லை. புதிதாக இருந்தது வேகமும் வியாபாரப் பெயரும்.

இரண்டாவது அரைத்த இறைச்சி. 1960களில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் றொபேர்ட் பேக்கர் என்ற பேராசிரியர், விலைபோகாத கோழி இறைச்சியை அரைத்து, உதிராமல் ஒட்டவைத்து, மேல்மா பொரியும்போது கழராமல் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். காப்புரிமை எடுக்காமல் எல்லாருக்கும் அறிவித்தார். 1977இல் அமெரிக்க செனற் குழு ஒன்று சிவப்பிறைச்சியைக் குறைத்துக் கோழியும் மீனும் சாப்பிடச் சொல்ல, பேர்கர் கடைகளுக்குப் பயம் பிடித்தது. பேர்கர் கிங் 1979இல் நீள பணிசில் ஒரு சிக்கன் சான்ட்விச் போட்டது. மக்டொனால்ட்ஸ் 1980இல் மக்சிக்கனைக் கொண்டுவந்தது. சனம் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். நகெற்ஸ் வெற்றி பெற்ற பிறகு 1988இல் திரும்ப வந்தது. 2000களின் தொடக்கத்தில் ஒரு டொலர் பட்டியலில் ஏறி, பத்து வருடத்துக்கு மேலாக அங்கேயே இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் விளங்கும். முழு நெஞ்சுத் துண்டு கடிக்கும்போது நார் நாராகப் பிரியும், சாறு இருக்கும், ஓரத்தில் மா சொரசொரவென்று மொறுமொறுக்கும். அரைத்தது எங்கே கடித்தாலும் ஒரே மாதிரி இருக்கும். வட்டமாக, மெல்லிசாக, பணிசின் அளவுக்குச் சரியாக வெட்டியது போல. மயோனீசும் லெற்றியூசும் இல்லாமல் சாப்பிட்டால் தொண்டையில் நிற்கும். ஆனால் 2009இலிருந்து அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டொலர். அந்த விலைகளில் ஒரு மணித்தியால உழைப்புக்கு 7 மக்சிக்கன், அல்லது ஒரு பொப்பாய்ஸ் சான்ட்விச்சும் மிச்சமாக 3 டொலர் சொச்சமும் கிடைத்தது. ருசியில் தோற்றது ஏன் இவ்வளவு காலம் விற்றது என்பதற்கு இந்தக் கணக்குப் போதும். அதை வாங்கிச் சாப்பிட்டவர்களை நக்கலடிக்க எங்களுக்கு ஒரு உரிமையும் இல்லை.

பூட்டிய கதவு

வட கரோலைனாவில் ஹாம்லெட் என்று ஒரு ஊர். இதுவும் ஒரு காலத்தில் ரயில் சந்தி. ரயில் வேலைகள் போன பிறகு அங்கே கிடைத்த வேலைகளில் ஒன்று இம்பீரியல் ஃபூட் புரொடக்ட்ஸ் என்ற தொழிற்சாலை. எலும்பில்லாத கோழித் துண்டுகளை மாவில் பிரட்டிப் பொரித்து, உறையவைத்து, கடைகளுக்கும் உணவகங்களுக்கும் அனுப்பினார்கள்.

1991 செப்டெம்பர் 3ஆம் திகதி காலை, பெரிய பொரிகலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹைட்ரோலிக் குழாய் கழன்று, எண்ணெய் சீறி அடுப்பில் பட்டது. நொடியில் தீயும் கரும்புகையும். தண்ணீர் தெளிக்கும் கருவி இல்லை. வெளியே போகும் கதவுகள் பல பூட்டியிருந்தன. தொழிலாளர் கோழி களவெடுப்பார்கள் என்பது முதலாளியின் பயம். 25 பேர் இறந்தார்கள், அதில் 18 பேர் பெண்கள். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். பலர் கறுப்பினத்தவர், பலர் தனியாகப் பிள்ளை வளர்த்த தாய்மார்.

அந்தத் தொழிற்சாலைக்குள் இறைச்சி நல்லதா என்று பார்க்க அரச பரிசோதகர் ஒழுங்காக வந்து போனார். வேலை செய்கிறவர்களின் பாதுகாப்பைப் பார்க்க 11 வருடத்தில் ஒருவரும் வரவில்லை. முதலாளி குற்றத்தை ஒப்புக்கொண்டு கிட்டத்தட்ட 20 வருடச் சிறைத்தண்டனை பெற்று, நாலு வருடமளவில் வெளியே வந்தார். வரலாற்றாசிரியர் பிரையன்ட் சைமன் 2017இல் இந்தத் தீ பற்றி எழுதிய புத்தகம், மலிவான சாப்பாட்டையும் மலிவாக்கப்பட்ட உயிர்களையும் ஒரே கதையாகவே சொல்கிறது.

இது பழைய கதை எண்டு விட்டுவிட ஏலாது. 2016இல் ஒக்ஸ்ஃபாம் அமைப்பு, கோழித் தொழிற்சாலைகளில் கழிப்பறைக்குப் போக விடாததால் சில தொழிலாளர்கள் டயப்பர் கட்டி வேலை செய்வதாக அறிக்கை வெளியிட்டது. பட்டியில் வரும் கோழி நிற்காது, ஆகவே ஆளும் நகர முடியாது.

திரும்பவும் 2019

பொப்பாய்ஸ் கதைக்கு வருவோம். அந்தக் கடையை 1972இல் நியூ ஓர்லியன்ஸுக்குப் பக்கத்தில் அல் கோப்லன்ட் என்ற வெள்ளையர் தொடங்கினார். 2017இல் அது 1.8 பில்லியன் டொலருக்குக் கைமாறியது. அதன் சான்ட்விச்சை இணையத்தில் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர்கள் கறுப்பின இளைஞர்கள். இது எங்கட அம்மம்மாவின் ருசி என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, கோர்டன்ஸ்வில்லை நினைத்துப் பாருங்கோ. நவம்பர் 3இல் சான்ட்விச் திரும்ப வந்தபோது வரிசை இன்னும் நீண்டது. மேரிலாந்தில் வரிசையில் வந்த தகராறில் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். கடைக்குள் நின்றவர்கள் பெரும்பாலும் குறைந்த கூலிக்கு நின்ற இளைஞர்கள்.

சரி, கடைசியில் எது திறம்? ருசி எண்டால் முழு நெஞ்சுத் துண்டுதான், அதில் எங்களுக்குள் பெரிய சண்டை இல்லை. காசுக்கு எது சரி என்ற கேள்வியில்தான் நாங்கள் தடுமாறினோம். ஒரு டொலர் என்பது கடையில் வாங்கினவர்கள் கொடுத்த பங்கு மட்டும். கடன்பட்ட விவசாயி, கைமணிக்கட்டு வீங்கிய தொழிலாளி, 56 நாளில் நடக்கமுடியாமல் போன கோழி, ஹாம்லெட்டின் 25 பேர் என்று மிச்சத்தை வேறு ஆட்கள் கட்டியிருக்கிறார்கள்.

இந்த முழுக் கதையிலும் சமைத்தவரே விலை சொல்லி, காசையும் தானே வைத்துக்கொண்ட இடம் ஒன்றுதான் எங்கள் கண்ணில் பட்டது. ரயில் நிண்ட அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், தலையில் தட்டோடு, ஜன்னலுக்குக் கீழே நிண்ட பெண்கள். அந்தக் கோழி என்ன ருசியாக இருந்திருக்கும் என்று யாரும் பத்துக்கு மார்க் போட்டு வைக்கவில்லை. ஆனால் இன்றைக்கு எல்லாரும் போட்டிபோட்டு விற்பது அவர்கள் வளர்த்தெடுத்த ருசியைத்தான்.