ஓநாய் வீட்டுப் பிள்ளை: கொஞ்சம் கார்ட்டூன், கொஞ்சம் வரலாறு

பொட்டி தட்டுறவனுக்கு வரலாறு எதுக்குடான்னு கேக்காதீங்க. ஞாயித்துக்கிழமை, கரண்ட் இருக்கு, மேனேஜர் போன் வரலை. இதுக்கு மேல என்ன வேணும் ஒரு பதிவு போட? :-)

1986-ல அமெரிக்காவுல சிபிஎஸ் சேனல்ல சனிக்கிழமை காலையில 'டீன் வுல்ஃப்'னு ஒரு கார்ட்டூன் வந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் நடிச்சு வந்த படத்தைத்தான் கார்ட்டூன் ஆக்கியிருந்தாங்க. ஸ்காட்னு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், ஓநாயா மாறிடுவான். பரம்பரைச் சொத்து! வீட்டுல அப்பா, தாத்தா, பாட்டி, தங்கச்சின்னு ஒரு பட்டாளமே உண்டு. ரெண்டு சீசன், 21 எபிசோடு, அவ்ளோதான். ஐரோப்பாக்காரன் கதையில பௌர்ணமி ராத்திரியில ஆளைக் குதறுற ஓநாய் மனுஷனைக் கூட்டிட்டு வந்து கூட்டுக் குடும்பத்துல உக்கார வெச்சுட்டாங்க.

நம்ம நாட்டுல ஓநாய்க் குடும்பத்துப் பையன்னா ஒரே ஆள்தான். மோக்லி. ஸ்காட்டுக்கு உடம்புக்குள்ள ஓநாய், மோக்லிக்கு வீடு முழுக்க ஓநாய். வித்தியாசம் அதுதான்.

நம்ம ஆளுங்க பார்த்த அந்த மோக்லி கார்ட்டூன் ஜப்பான் சரக்குங்க. நிப்பான் அனிமேஷன் கம்பெனி எடுத்தது, இயக்கம் ஃபூமியோ குரோகாவா. 1989 அக்டோபர்ல அங்க ஒளிபரப்பு ஆரம்பிச்சு 52 எபிசோடு ஓடுச்சு. 1993-ல தூர்தர்ஷன் அதை ஹிந்தியில போட்டாங்க. பாட்டு எழுதினது குல்சார், இசை விஷால் பரத்வாஜ், ஷேர் கானுக்குக் குரல் நானா படேகர். வளர்க்குற அம்மா ஓநாய் பேரு லூரி. கூடப் பொறந்த மாதிரி வளர்ற குட்டிங்க அக்ருவும் சூராவும்.

எங்க பெரியம்மா பொண்ணு, எனக்கு ரொம்ப மூத்த அக்கா, உடுமலையில உக்காந்து ஞாயித்துக்கிழமை தவறாம இதைப் பார்த்த ஆள். ஹிந்தியில ஒரு வார்த்தை தெரியாது. "எப்படிக்கா புரிஞ்சுது?"ன்னு கேட்டேன். "போடா, அந்தம்மா ஓநாய் புள்ளையைப் பக்கத்துல படுக்க வெச்சுக்கறதைப் பாத்தா புரியாதா? அதுக்கு பாஷை வேற படிக்கோணுமா?"ன்னுது. அதே 1993 ஏப்ரல்லதான் சன் டிவி ஆரம்பிச்சாங்க. அப்புறம் மெல்ல மெல்ல வீட்டுல தூர்தர்ஷன் பக்கம் போறது குறைஞ்சு போச்சு. நான் 2007-ல வந்த சுட்டி டிவி தலைமுறை. ஜாக்கி சான் தமிழ்ல பேசித்தான் எனக்குத் தெரியும்.

நான் மோக்லியை ஒழுங்கா உக்காந்து பார்த்தது 2020 ஏப்ரல்லதான். ஊரடங்கு நேரத்துல தூர்தர்ஷன் அதை மறுபடி தினமும் மத்தியானம் ஒரு மணிக்குப் போட்டாங்க. ஆபீஸ் மீட்டிங்க மியூட் பண்ணிட்டு ஓநாய்க் குடும்பம் பார்த்தேன். அம்மா வந்து, "கண்ணு, இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லலை :-) ஆனா அப்ப பிடிச்ச கிறுக்குலதான் மூலக்கதையைத் தேடிப் படிச்சேன்.

ருட்யார்ட் கிப்ளிங் 'ஜங்கிள் புக்' வெளியிட்டது 1894-ல. கதை நடக்கற காடு மத்தியப் பிரதேசத்துச் சிவனி பக்கம். ஆனா அவர் அதை எழுதினது அமெரிக்காவுல, வெர்மான்ட்ல உக்காந்து! அந்தக் கதையில எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடம் புலி இல்ல, ஊர். மோக்லி கிராமத்துக்குப் போறான், மாடு மேய்க்கிறான், ஷேர் கானைக் கொல்றான். மாலை போட வேண்டிய ஊர் கல்லால அடிச்சுத் துரத்துது. புல்தேவ்ங்கற வேட்டைக்காரன், இவன் சூனியக்காரன், ஓநாயா உருமாறுவான்னு கதை கட்டி விடறான். பிள்ளை மாதிரி சோறு போட்ட மெஸ்ஸுவாவைச் சூனியக்காரின்னு சொல்லிக் கட்டிப்போட்டு எரிக்கப் பார்க்கறாங்க.

கவனிச்சீங்களா? அந்த ஊருக்கு மோக்லிதான் 'டீன் வுல்ஃப்'. ஓநாய்க் குகையில இருந்து பார்த்தா வீட்டுப் பிள்ளை, ஊர்ல இருந்து பார்த்தா உருமாறுற பிசாசு. கார்ட்டூன் நம்மளைக் குகைக்குள்ள உக்கார வெச்சுப் பார்க்க வெச்சது. அதனாலதான் எங்கக்காவுக்குப் பாஷை தேவைப்படலை.

ஊர்க்காரங்க பயமும் சும்மா வந்தது இல்லைங்க. வட இந்தியாவுல ஓநாய் குழந்தையைத் தூக்கிட்டுப் போறது நெசமாவே நடந்தது. தூக்கிட்டுப் போன ஓநாயே வளர்த்துச்சுன்னு சொல்ற கதைகளை வில்லியம் ஸ்லீமன்ங்கற ஆங்கில அதிகாரி 1852-லயே ஒரு சின்னப் புத்தகமாப் போட்டுட்டார். ஆக்ரா பக்கம் சிக்கந்தரா அனாதை இல்லத்துல வளர்ந்த தினா சனிச்சரை 'ஓநாய்ப் பையன்'னு சொன்னாங்க. அவர் 1895-ல செத்துப் போனார். 1920-ல மிதுனாப்பூர்ல கிடைச்சதாச் சொன்ன அமலா, கமலா கதையும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பின்னாடி ஆராய்ச்சி பண்ணவங்க அதைக் கட்டுக்கதைன்னுட்டாங்க.

இப்பத்தான் மனசைப் பிசையற கணக்கு வருது. பிரிட்டிஷ் அரசாங்கம் ஓநாயைக் கொன்னு காட்டினா சன்மானம் குடுத்துச்சு. 1875-ல இருந்து 1925 வரைக்கும் 2,00,000-க்கு மேல ஓநாய்கள் கொல்லப்பட்டதா வரலாற்று ஆய்வாளர் மகேஷ் ரங்கராஜன் எழுதியிருக்கார். 'ஜங்கிள் புக்' வந்த 1894 இந்த அம்பது வருஷத்துக்கு நடுவுல வருது. ஒரு பக்கம் தாய் ஓநாயோட பாசத்தைப் படிச்சு உருகினாங்க, மறுபக்கம் அதே ஓநாய்க்குக் காசு எண்ணிக் குடுத்தாங்க.

இன்னிக்கு நாட்டுல இந்திய ஓநாய் சுமாரா 3,000-தான் இருக்குங்கறாங்க. 2022 கணக்கெடுப்புல புலியே 3,682. புலிக்குக் காப்பகம் இருக்கு, விளம்பரம் இருக்கு. ஓநாய் திரியறது வெட்டவெளிப் புல்காடு, ஆட்டுப்பட்டி ஓரம். 1972 வனவிலங்குச் சட்டத்துல பாதுகாப்பு இருந்தும் மனுஷனோட மோதித்தான் ஆகணும். 2024-ல உத்தரப் பிரதேசம் பஹ்ரைச்ல ஓநாய் தாக்கி உயிர் போனது பெரும்பாலும் குழந்தைங்க. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுல போய் லூரி கதை பேச முடியுமா? கிப்ளிங் காட்டின ஊரும் குகையும் இன்னமும் எதிரெதிராத்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் புள்ளைகுட்டிக்காரங்க.

நம்ம ஊருக்கு வருவோம். உடுமலை, அமராவதி வனச்சரகம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள்ள வருது. இங்க செந்நாய் உண்டு. கிப்ளிங் கதையில ஓநாய்க் கூட்டத்தை அழிக்க வர்ற வில்லன் படையே தக்காணத்துல இருந்து வர்ற செந்நாய்ங்கதான். அட, தெக்கத்திக்காரனை அங்கயும் வில்லனாக்கிட்டாங்களேன்னு நினைச்சுக்கிட்டேன் :-) ஓநாயைப் பொறுத்தவரை, என் வயசுக்காரங்களுக்கு அது பழமொழியிலதான் தெரியும். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்ல, அதுதான். ஆடு வளர்த்தவங்க சொன்ன பழமொழி, பின்ன எப்படி இருக்கும்? ஓநாய்க்குப் பழமொழி எழுதத் தெரிஞ்சிருந்தா கதையே வேற.

உங்க ஊர்ல தாத்தா பாட்டி யாராச்சும் பட்டிக்கு ஓநாய் வந்த கதை சொல்லியிருந்தா பின்னூட்டத்துல போடுங்க. அவங்க சொல்லாம போயிட்டா அப்புறம் கேக்க ஆள் இல்ல.

டிஸ்கி: மோக்லி டைட்டில் பாட்டை ஹிந்தி தெரியாமலே முழுசாப் பாடுற ஆள் யாரும் இங்க இருந்தா கையைத் தூக்குங்க. எங்கக்காவுக்குத் துணை வேணுமாம்.