உதிரப்பட்டியிலிருந்து உரிமை வரை

ராஜபாளையத்திற்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது தேவதானம். இறைவனுக்கென விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் குறிக்கும் சொல்லே இவ்வூருக்குப் பெயராகிவிட்டது. இங்குள்ள நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலின் தலபுராணம் ஒரு கொலைச்சதியைச் சொல்கிறது. நஞ்சு தோய்த்த ஆடையை அனுப்பிப் பாண்டியனைக் கொல்லச் சோழன் முயன்றான். இறைவன் அக்கேட்டைத் தவிர்த்தருளினான் என்பது கதை. 2025 நவம்பரில் அதே கோயிலின் இரவுக் காவலர் இருவர் கொல்லப்பட்டனர். கொன்றவரைத் தண்டிப்பது அரசின் பொறுப்பு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு அரசு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதே பழைய கேள்வி.

நம் முன்னோர் அதற்கு நிலத்தால் விடை கூறினர். ஊரையும் ஆநிரையையும் காக்கப் போரிட்டு மாண்டவரின் வழியினருக்கு வழங்கிய நிலம் உதிரப்பட்டி எனப்பட்டது. நெய்த்தோர்பட்டி என்றும் அதற்குப் பெயர் உண்டு. நெய்த்தோர் என்றாலும் குருதிதான். தேவனுக்குத் தேவதானம் போலக் குருதிக்கும் ஒரு நிலம். ஆனால் அது வீரத்துக்கான ஈடு. வழியில் கள்வரிடம் சிக்கி மாண்ட எளியவனுக்கு இது பொருந்தியதாகக் கொள்ள இயலாது.

அரசே தவறிழைத்தால்? சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருத்தங்கல்தான் அதன் களம். அன்று அதன் பெயர் தங்கால். அவ்வூர் வார்த்திகனைப் புதையல் கவர்ந்தவன் என்று அரச ஊழியர் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை கதறினாள். கொற்றவை கோயிற்கதவு திறக்க மறுத்தது. உண்மையறிந்த பாண்டியன் பிழை பொறுக்க வேண்டித் தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்தான். பாண்டியரின் செங்கோன்மைக்குச் சான்றாக மதுராபதித் தெய்வம் இதைச் சொல்வது கண்ணகியிடம். எந்த ஈடும் ஈடாகாத ஒருத்தியிடம் இக்கதையைச் சொல்லவைத்த இளங்கோவின் துணிவு வியப்புக்குரியது.

பாபிலோனிய மன்னன் அமுராபியின் சட்டம் வேறொரு வழியைக் காட்டியது. கொள்ளையன் பிடிபடாவிட்டால் இழப்பை அந்நகரமும் அதன் தலைவனும் ஈடுசெய்ய வேண்டும். உயிர் போயிருந்தால் உறவினருக்கு ஒரு மினா வெள்ளி தரவேண்டும். காக்கத் தவறியவரே கடனாளி என்பது அதன் கருத்து.

ஆங்கிலேயர் தந்த 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இக்கருத்து இல்லை. குற்றவாளி கட்டும் அபராதத்திலிருந்து இழப்பீடு தரலாம் என்றது அது. 1973இன் சட்டத்து 357ஆம் பிரிவும் குற்றவாளியின் பணத்தையே நம்பியது. குற்றவாளி அகப்படாவிட்டால் ஒன்றுமில்லை. பாதிக்கப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கியதோடு சரி. 1963இல் நியூசிலாந்து அரசுப் பணத்திலேயே இழப்பீடு தரச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 357ஏ பிரிவு 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழகம் 2013இல் தன் திட்டத்தை அறிவித்தது. குற்றவாளி யாரெனத் தெரியாவிட்டாலும், வழக்கே நடக்காவிட்டாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தோரோ விண்ணப்பிக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் இதுவே பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவு.

பரபரப்பான கொலைகளுக்குப்பின் அரசுகள் அறிவிக்கும் நிவாரணம் வேறு, இது வேறு. முன்னது வார்த்திகன் பெற்ற ஊரைப்போல ஆள்வோரின் அருள். செய்தியாகாத சாவுக்கு அது எட்டுவதில்லை. பின்னது உரிமை. ஆனால் உரிமை தானாக வீடு தேடி வருவதில்லை; கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. வார்த்திகனுக்காகக் கோயிற்கதவு அடைபட வேண்டியிருந்தது. தேவதானத்துக்காரர் ஒருவருக்கு இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகம் வரை போய் ஒரு மனுக் கொடுத்தால் போதும். அப்படி ஒரு கதவு இருக்கிறது என்பதை, துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.