அயல்நாட்டுப் பொருளும் மாறாத வளவும்: செட்டிநாட்டு இல்ல அலங்காரத்தின் வரலாறு

முன்னுரை

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் ஜப்பானியப் பூ ஓடுகளும் ஒரே கூரையின்கீழ் அமைந்துள்ளன. இவற்றைச் செல்வச் செழிப்பின் அடையாளமாக மட்டும் காண்பது வழக்கம். இப்பொருள்கள் வீட்டின் எப்பகுதியில் இடம்பெற்றன என்று நோக்கினால், இவ்வீடுகளைக் கட்டிய செட்டியார் வணிகச் சமூகமான நகரத்தார் அவற்றை ஏற்றுக்கொண்ட நெறி புலப்படும்.

வணிகமும் வரவும்

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் அப்பகுதியின் அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. ஐராவதிக் கழிமுகத்தில் புதிதாகக் காடு திருத்திய உழவர்க்குக் கடன் கொடுத்து நகரத்தார் வளர்ந்தனர். இலங்கை, மலாயா, சைகோன் ஆகிய இடங்களிலும் அவர்கள் தொழில் பரவியது. ஆண்கள் கடல் கடந்து, தொழிலிடமும் தங்குமிடமுமான கிட்டங்கிகளில் எளிமையாகத் தங்கினர். குடும்பங்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தன. எனவே ஈட்டிய பொருளில் கணிசமான பங்கு சொந்த ஊர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

அமைப்பும் அலங்காரமும்

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டுக்கட்டாகப் பின்னோக்கிச் செல்வது இவ்வீடுகளின் அமைப்பு. முகப்பை அடுத்த கட்டான வளவின் முற்றத்தைச் சுற்றி, மணமான மகன் ஒவ்வொருவருக்கும் அறை உண்டு. திருமணம் முதலான சடங்குகள் நடப்பதும் அங்கேதான். அயல்நாட்டு அலங்காரம் மிகுதியும் விருந்தினர் காணும் முகப்பிலும் அதனை அடுத்த கூடங்களிலும் தங்கியது. உள்ளே செல்லச் செல்ல அது குறைந்தது. முகப்பின் சுதை வேலையில் திருமகளுடன் ஆங்கிலச் சிப்பாய்களும் நிற்பார்கள். நிலைவாசலிலோ கஜலட்சுமியே வீற்றிருப்பாள். 1912இல் கட்டி முடிக்கப்பட்ட கானாடுகாத்தான் அரண்மனை இம்மரபின் உச்சங்களுள் ஒன்று.

அயல் வடிவம் உள்ளூர்த் தொழிலானதற்குச் சான்று ஆத்தங்குடிக் கல் என்னும் தரை ஓடு. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வண்ணக் கலவை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, பின் நீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்குப் பளபளப்பாகிறது, சூளை தேவையில்லை.

வீழ்ச்சி

1930களின் பெருமந்தத்தில் கடன் திரும்பவில்லை. ஈடாக நிலங்களே வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1937இல் 25 விழுக்காடானது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். விடுதலைக்குப் பின் அந்நாடு நிலங்களை நாட்டுடைமையாக்கியது. வருவாய் நின்றது. பங்காளிகள் பலருக்கு உரிமையான வீட்டைப் பராமரிக்க ஒருமித்த முடிவு எட்டுவதும் அரிதாயிற்று. பல வீடுகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன.

முடிவுரை

உலகப் பொருள்களால் வீட்டை அணிசெய்த நகரத்தார், வாழும் முறைக்கேற்ற கட்டமைப்பை விட்டுக்கொடுக்கவில்லை. இன்று நிகழ்வது இதன் தலைகீழ்: தூண் வேறு ஊருக்குப் போகிறது, வளவு இடிகிறது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பாதுகாப்பு முயற்சிகள் தனிப்பொருள்களைச் சேகரிப்பதோடு நில்லாமல், முழு வீட்டையும் தெருவையும் ஓரலகாகக் கொள்ள வேண்டும்.