மதுரைப் பழநகர்க் கட்டட உயர வரம்பு

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டப்படும் கட்டடம் எதுவும் 9 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று 1997-இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. பழைய ஊரின் நடுவில் புதிய கட்டடம் எப்படி எழ வேண்டும் என்ற கேள்வி தமிழகத்தில் மிக நீண்ட காலம் பேசப்பட்டது இந்த ஆணையை ஒட்டித்தான். 9 மீட்டர் என்றால் தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடியும். கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 52 மீட்டர். ஊருக்குள் எங்கிருந்து பார்த்தாலும் கோபுரம் தெரிய வேண்டும் என்பதே ஆணையின் நோக்கம்.

ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயர் தாங்கிய வீதிகள் கோயிலைச் சதுரமாகச் சூழ்ந்துள்ளன. சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். அவற்றுக்கு வெளியே உள்ள வெளி வீதிகள் 19-ஆம் நூற்றாண்டில் உருவானவை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க முடிவெடுத்தார். அந்த வேலையைச் செய்தவர்களுக்கு அங்கேயே மனை கொடுத்தார். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி ஆகியவை அப்படிப் பிறந்தவை. அவர் நினைவாக ஊரார் நிறுத்திய விளக்குத்தூண் இன்றும் இருக்கிறது. ஆகவே இடித்துக் கட்டுவது மதுரைக்குப் புதிதன்று.

ஆணையைத் தாண்டி எழுந்த தங்கும் விடுதிகளும் வணிக வளாகங்களும் பல. விதிமீறல் வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றன. மனை வைத்திருப்பவர்களின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆவணி மூல வீதியில் தலைமுறைகளாகப் பாகம் பிரிந்த மனை அகலத்தில் குறுகியது. பக்கவாட்டில் விரிய இடமில்லாதவர் மேலேதான் போக வேண்டும். கோபுரத்தைக் காக்கும் சுமையை அதன் நிழலில் வாழும் சிலர் மட்டும் ஏற்பது நியாயமா என்று அவர்கள் கேட்கிறார்கள். இதற்கு ஈடாக வரிச் சலுகையோ, கட்டும் உரிமையை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளும் வாய்ப்போ தருவதே நேர்மையான வழி.

ஆணையின் பெரிய குறை வேறு. அது உயரத்தை மட்டும் அளக்கிறது. தெருவைப் பார்த்த திண்ணை, மரத்தூண், ஓட்டுக்கூரை கொண்ட வீட்டை இடித்துவிட்டுக் கண்ணாடி முகப்போடு 9 மீட்டருக்குள் ஒரு கடை எழுப்பினால் அது முழுக்கச் சட்டப்படியானது. கோபுரம் தெரியும், கோபுரத்துக்குத் துணைநின்ற தெரு போய்விடும். உயரத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு முகப்பைப் பற்றியும், பயன்பாட்டைப் பற்றியும், மழைநீர் எங்கே போகும் என்பதைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும்.

பயன்பாடு எவ்வளவு முக்கியம் என்பதை 2018 பிப்ரவரி 2 இரவு காட்டியது. கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் இருந்த கடைகளில் தீப்பிடித்துத் தூண்களும் கூரையும் சிதைந்தன. சீரமைப்புக்கான கல் ராசிபுரம் வட்டத்துப் பட்டணம் கிராமத்திலிருந்து வெட்டிக் கொண்டுவரப்பட்டது. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் இருந்த கடைகளுக்குக் குன்னத்தூர்ச் சத்திரத்தில் மாற்றிடம் ஒதுக்கப்பட்டது.

பொலிவுறு நகரத் திட்டத்துக்கு 2016-இல் தேர்வான மதுரையில் சித்திரை வீதிகளுக்குக் கல் பதித்தார்கள், பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். அதே ஆண்டில் தேர்வான சேலத்திலும் பழைய பேருந்து நிலையம் ஈரடுக்காக எழுந்து 2023 ஜூனில் திறக்கப்பட்டது.

பழையதைக் காப்பதா இடிப்பதா என்ற சச்சரவு சென்னையில் வேறு வடிவம் எடுத்தது. அண்ணா சாலையில் 1897-இல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை அதன் உரிமையாளரான எல்.ஐ.சி. 2006-இல் இடிக்கத் தொடங்கியது. மரபுக் காப்பு அமைப்பான இன்டாக் வழக்குத் தொடர்ந்தது. 2010-இல் உயர் நீதிமன்றம் கட்டடத்தைக் காக்கும்படி தீர்ப்பளித்தது. அதன் பின்னும் அந்தக் கட்டடம் பல ஆண்டுகள் பாழடைந்தே நின்றது. இடிக்காமல் விடுவதால் மட்டும் ஒரு கட்டடம் பிழைத்துவிடாது. பராமரிக்கப் பணமும் புழங்க ஆட்களும் வேண்டும்.

மாநிலம் முழுமைக்குமாக 2012-இல் தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இல்லாத கட்டடங்களையும் கருத்தில் கொண்ட சட்டம் அது. மாசி வீதியின் பழைய வணிக வீடுகள் போன்றவற்றுக்குப் பயன்படக்கூடியது அதுதான்.