கொள்கலன் இழுவை (கிள்ளான் பள்ளத்தாக்கு)

கொள்கலன் இழுவை என்பது, கப்பலில் வந்திறங்கும் இரும்புப் பெட்டியை அதன் முத்திரை கலையாமலே நீண்டதொரு டிரெய்லரின்மேல் ஏற்றி, பிரைம் மூவர் எனப்படும் தனி இயந்திர வண்டியால் இழுத்துச் சென்று, உள்நாட்டுத் தொழிற்சாலைகளிலும் பண்டகசாலைகளிலும் சேர்ப்பிக்கும் தொழிலாகும். மலேசியாவில் இத்தொழிலுக்குக் கிள்ளானே தலைமை ஸ்தானம். அவ்வூரில் பிறந்து வளர்ந்த தமிழரில் பலருக்கு, தந்தையோ தமையனோ டிரெய்லர் ஓட்டிச் சம்பாதித்த பணமே படிப்புக்கும் கல்யாணத்துக்கும் ஆதாரமாக இருந்திருக்கிறது.

துறைக்கும் தலைநகருக்கும் இடையே பாரம் சுமக்கும் வேலை இப்பள்ளத்தாக்கில் பழமையானது. ஆற்றுவழியே டாமன்சாரா வரை படகில் வந்த சரக்கு, அங்கிருந்து மாட்டுவண்டியில் கோலாலம்பூருக்குப் போயிற்று. 1881ஆம் ஆண்டுத் தீவிபத்துக்கும் வெள்ளத்துக்கும் பிறகு ஓலையையும் பலகையையும் நீக்கிச் செங்கல்லால் நகரத்தைக் கட்ட முற்பட்டபோது, சூளைகள் எழுந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலிருந்து கல் ஏற்றிச் சென்றவையும் மாட்டுவண்டிகளே. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானின் எதிர்க்கரையிலுள்ள புக்கிட் கூடா வரையில் ரயில் ஓடத் தொடங்கியது. 1890இல் பாலம் எழுந்து ஆற்றைத் தாண்டிற்று. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. அத்துறைமுகம் 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாற்றம் பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே கொள்கலன் இழுவைக்கென்று கொந்தேனா நாசியோனல் என்ற நிறுவனம் நிறுவப்பட்டிருந்தது. 1973இல் கொள்கலன் துறை இயங்க ஆரம்பித்ததும், மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்த காலம் மெல்ல மெல்ல முடிவுக்கு வந்தது. 1994இல் புலாவ் இண்டாவில் வெஸ்ட்போர்ட்ஸ் செயல்படத் தொடங்கிற்று. 2023ஆம் ஆண்டில் போர்ட் கிள்ளான் கையாண்ட கொள்கலன்கள், இருபதடிக் கணக்கில், 1 கோடியே 40 லட்சம். இவற்றுள் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து இறங்கி மறு கப்பலில் ஏறிப் போய்விடுவது. எஞ்சியதே சாலைக்கு வருகிறது. அந்த எஞ்சியதே கூட்டரசு நெடுஞ்சாலையையும் ஷா ஆலாம் நெடுஞ்சாலையையும் இரவு பகலாக நிறைக்கப் போதுமானதாக இருக்கிறது.

பிரைம் மூவரையும் டிரெய்லரையும் இணைக்கும் கிரியை சில நிமிஷங்களில் முடிவது. ஆனால் உயிர் அதில்தான் இருக்கிறது. ஓட்டுநர் வண்டியைப் பின்னோக்கி மெல்ல நகர்த்த, டிரெய்லரின் அடியில் தொங்கும் ஐந்து சென்டிமீட்டர்ப் பருமனுள்ள எஃகு முளை, பிரைம் மூவரின் முதுகிலுள்ள வட்டத் தட்டின் பிளவில் நுழைந்து, தாடை மூடிப் பூட்டிக்கொள்கிறது. சத்தம் கேட்டதோடு திருப்தியடையாமல், அநுபவசாலி குனிந்து டார்ச் விளக்கடித்துத் தாடை முழுவதும் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு டிரெய்லரின் பிரேக்கை விடுவிக்காமலே வண்டியை ஒருமுறை முன்னால் இழுத்துப் பரீக்ஷிக்கிறார். காற்றுக் குழாய்களை மாட்டுகிறார். சிவப்புக் குழாயின் வழியே வரும் காற்று அறுந்தால் டிரெய்லரின் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்படி அமைப்பு இருக்கிறது. தாங்குகால்களைச் சுழற்றி உயர்த்துகிறார். கொள்கலனின் நான்கு மூலைப் பூட்டுகளையும் திருகுகிறார். கட்டையால் ஒவ்வொரு டயரையும் தட்டி ஓசை பார்க்கிறார்.

நாற்பதடிக் கொள்கலன் ஒன்று வெறுமையாக நான்கு டன்னுக்குச் சற்றுக் குறைவு. நிறைந்தால் முப்பது டன்னை எட்டும். டிரெய்லரும் பிரைம் மூவரும் சேர்ந்தால் மொத்தம் நாற்பது டன்னைத் தாண்டிவிடும். இத்தகைய பாரத்தை இழுப்பதற்கு இயந்திரம் போதும். நிறுத்துவதற்குத்தான் மனிதன் வேண்டும். 60 கிலோமீட்டரிலிருந்து 90 ஆகும்போது வேகம் ஒன்றரை மடங்காகிறது. பிரேக் விழுங்க வேண்டிய சக்தியோ இரண்டேகால் மடங்காகிறது. ஜொகூர் பாருவுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் சாலையில் இது அவ்வளவாகத் தெரியாது. கோலாலம்பூரிலிருந்து காராக் வழியாகத் தித்திவாங்சா மலைத்தொடரைக் கடக்கும்போதும், வடக்கே ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப் பகுதியில் இறங்கும்போதும் தெரியும். சரிவு முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவருக்கு, டிரம் சூடேறி, மிதி இருந்தும் பிடி இல்லாத நிலை வரும். ஆகையால் சரிவு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, இயந்திரத்தின் தடையாலேயே வேகத்தை அடக்கி, பிரேக்கை விட்டுவிட்டுத் தொடுவதே முறை. திடீரென மிதித்தால் முன்வண்டியின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ள, பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளி, இரண்டும் பேனாக்கத்தி மடிவதுபோல் மடிந்துவிடும்.

மூடிய பெட்டி என்பதில் இன்னோர் அபாயமும் உண்டு. மணல் லோரி ஓட்டுகிறவர் தம் சுமையைக் கண்ணால் காண்கிறார். கொள்கலன் ஓட்டுநரோ வேறு யாரோ அடுக்கி, வேறு யாரோ முத்திரையிட்ட ஒன்றைக் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்கிறார். 2016 ஜூலை முதல் கப்பலேறும் ஒவ்வொரு கொள்கலனின் எடையும் நிறுத்துச் சான்றளிக்கப்பட வேண்டுமென்பது சர்வதேச விதி. அச்சான்று மொத்த எடையைச் சொல்லுமே அன்றி, பாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதென்று சொல்லாது. வட்டச் சந்தியிலும் நெடுஞ்சாலை வளைவிலும் கொள்கலன் கவிழ்ந்தபோதெல்லாம் ஓட்டுநரின் வேகத்தை மட்டுமே விசாரிப்பது நியாயமாகாது; அடுக்கியவர்களையும் விசாரிக்க வேண்டும்.

பெரிய ஜீப்பின் பின்னால் மூடிய டிரெய்லரைக் கட்டிக் குடும்பத்தோடு நெடும் பிரயாணம் போகிறவர்களுக்கும், பாரம் எங்கே அமர்கிறது என்பதே முக்கியம் என்ற இதே நியதிதான். பிரேக்குள்ள டிரெய்லராயின் லேண்ட் குரூசர் போன்ற வண்டி 3,500 கிலோ வரையில் இழுக்கும். டிரெய்லர் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இணைப்புக் குமிழின்மேல் அமர வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் வால் ஆடத் தொடங்கும், ஆடத் தொடங்கியபின் வேகத்தைக் கூட்டி அடக்க முயல்வது விபத்தை அழைப்பதாகும்.

டிரெய்லர் ஓட்ட மலேசியச் சட்டப்படி ‘இ’ வகுப்பு உரிமமும், சரக்கு வாகனத்துக்குரிய ஜிடிஎல் தொழில் உரிமமும் வேண்டும். வண்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். விதிகள் இவ்வாறிருக்க, ஊதியம் பெரும்பாலும் ட்ரிப் கணக்கில் வருவதால், துறைமுக வாசலில் வரிசையில் காத்த மணிகளுக்குக் கூலி இல்லை. அந்த இழப்பை ஈடுசெய்வதற்காகத் தூக்கத்தைக் குறைத்து இன்னொரு ட்ரிப் அடிக்கும் நிர்ப்பந்தம் உண்டாகிறது. இம்முறையை மாற்றாமல் ஓட்டுநரை மட்டும் கண்டிப்பது பயன் தராது என்பதே இக்கட்டுரையாசிரியரின் துணிபு.

காரில் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. டிரெய்லர் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. மூலையை அறுத்துக்கொண்டு உள்பக்கமாக வரும். இடது திரும்ப வேண்டிய டிரெய்லர் அதனால் முதலில் வலதுபுறம் அகன்று செல்கிறது. அப்போது இடப்புறம் உண்டாகும் காலியிடத்தில் மோட்டார்சைக்கிளையோ காரையோ நுழைக்காதீர்கள். ஓட்டுநர் தமக்கு முன்னால் வைத்திருக்கும் இடைவெளி, நாற்பது டன்னை நிறுத்துவதற்காக அவர் ஒதுக்கிவைத்த தூரம். தயவுசெய்து அதில் புகாதீர்கள்.